மீடியத்தின் மூச்சு

ஏழாம் மாதத்தில் ஒரு மாலை, நாற்காலியில் சாய்ந்திருந்த நான் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தேன். அப்போது தொப்புளுக்கு மேலே, வயிற்றின் நடுவில், நீளவாக்கில் ஒரு மேடு எழுந்தது. வலியில்லை. ஆனால் வயிறு உருண்டையாக இல்லாமல், கூரை போட்ட மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து நின்றது. என் கணவர் பார்த்துவிட்டு, "குதிகால்" என்றார். என் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "முதுகு" என்றார். காலா முதுகா என்று வீட்டில் இரண்டு நாள் பட்டிமன்றம் நடந்து, கடைசியில் கால்தான் ஜெயித்தது.

அதிலிருந்து நான் எழும்போதெல்லாம் என் கணவர் குனிந்து அந்த மேட்டைத் தடவுவார். "டேய், காலை மடக்குடா. அம்மாவுக்கு வலிக்கும்ல." நான் மறுபடி சாய்ந்தால் மேடு அடங்கிவிடும். "பாத்தியா, அப்பா சொன்னா கேக்கறான்" என்று பெருமை வேறு.

பிறந்தது பெண். அது கிடக்கட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், பால் கொடுக்கக் கட்டிலிலிருந்து எழுந்தேன். மேடும் எழுந்தது. குழந்தையோ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் அவளிடமே இருந்தன.

"கொஞ்ச நாள்ல தானா உள்ள போயிடும்" என்றார் என் மாமியார். நானும் நம்பினேன். எனக்கு அது உள்ளே போயே ஆகவேண்டும். மற்றவர்களுக்கு வயிறு வயிறுதான். எனக்கு வயிறுதான் வேலை.

பெண்களுக்கான கால்சட்டை தைக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டிங் ரூமில் இருக்கிறேன். புதிதாக ஒரு ஆர்டர் வந்தால், மாஸ்டர் முதல் சாம்பிளை வெட்டித் தைத்து என் உடம்பில்தான் போட்டுப் பார்ப்பார். நான் ஒரு மர ஸ்டூலில் ஏறி நிற்பேன். அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு என்னைச் சுற்றி வருவார். இங்கே பிடிப்பார், அங்கே தளர்த்துவார். அப்புறம், "நில்லு. உக்காரு. குனி. கடிக்குதா?" என்பார். துணி உடம்பை எங்கே இறுக்குகிறது என்று கேட்பதற்கு எங்கள் பாஷை அது. நான் "இடது தொடையில கடிக்குது" என்றோ, "பின்னாடி இடுப்புப்பட்டி கடிக்குது" என்றோ சொல்வேன். அவர் சாக்கட்டியால் கோடு போடுவார். என் அளவுதான் மீடியம். அதிலிருந்து கொஞ்சம் குறைத்தால் ஸ்மால், கூட்டினால் லார்ஜ். தொழிற்சாலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாட்ச்மேனில் தொடங்கி எல்லாருக்கும் நான் மீடியம்தான். "மீடியம் வந்தாச்சா?" "மீடியம், டீ ஆறுது."

சும்மா நிற்பதற்கு ஒரு சம்பளமா என்று என் சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். தெருவில் முன்னால் போகிற பெண்ணின் கால்சட்டை இடுப்பில் அழகாக உட்கார்ந்திருந்தால், அது நான் சொல்லிச் செய்ததாக இருக்கலாம். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

எனக்கு ஒரு சக்களத்தியும் உண்டு. ஃபிட்டிங் ரூம் மூலையில் இரும்புக் காலில் நிற்கும், தலையில்லாத பொம்மை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அளவையெல்லாம் எடுத்துக்கொண்டு போய், முதலாளியம்மா செய்து வாங்கியது. என் இடுப்பு, என் வயிறு, என் தொடை. நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது சின்னச் சின்ன ஆர்டர்களையெல்லாம் அதுதான் பார்த்துக்கொண்டது. கட்டின புருஷனைப் பங்கு போட வந்தவளைக்கூடத் திட்டித் தீர்த்துவிடலாம். என் இடுப்பை வைத்துக்கொண்டே என் ஸ்டூலுக்குப் போட்டிக்கு வந்தவளை என்ன சொல்லித் திட்டுவது?

விடுப்பு முடிந்து போன அன்று முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நாங்கள் மேடம் என்போம். வெயில் கொளுத்தினாலும் முழங்கால் வரை தொங்கும் ஒரு தளர்ந்த கோட்டு போட்டுக்கொண்டுதான் வருவார். மதியம் சாப்பிட மாட்டார். பால் இல்லாத டீ ஒன்றைக் குடித்துவிட்டுக் கணக்கு பார்ப்பார். கைக்கு வந்ததை வாய்க்குக் கொடுக்காத கஞ்சம் என்று நாங்கள் பின்னால் சொல்லிச் சிரிப்போம்.

"உடம்பு பழையபடி வந்துட்டா ஸ்டூல் உன்னோடதுதான்" என்றார். "வரலைன்னா சொல்லிடு. நிக்கறதுக்கு பொம்மை இருக்கு. உன்னை பேக்கிங்ல போடறேன்."

பேக்கிங் என்றால் நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்க வேண்டும். குழந்தையைத் தூக்கினாலே முதுகு விண்டுபோகிற எனக்கு அது ஆகிற காரியமில்லை. "வந்துடும் மேடம்" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புதுக் கூத்து தொடங்கியது. வயிறு கரைய வேண்டுமானால் படுத்துப் படுத்து எழுந்து உட்கார வேண்டும் என்று என் கணவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதுவுமே ஏறி இறங்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. வேலை முடிந்து வந்ததும் என் இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "இன்னும் ஒண்ணு. அவ்வளவுதான். சரி, அதுக்கப்புறம் இன்னும் ஒண்ணு." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவேன். மேடு முன்னைவிட உயரமாக எழும். அவர் முகம் வாடும். "நல்லா வேலை செய்யுது போல, தசை ஏறுது பாரு" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆசையோடுதான் செய்தார்.

பேருந்தில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். "எத்தனாவது மாசம்மா?" என்றார்.

"பொறந்தே அஞ்சு மாசம் ஆச்சுங்க" என்றேன்.

அவருக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. நான் இடத்தை விடுவேனா, உட்கார்ந்துவிட்டேன். அவர் இறங்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அப்புறம் கடையில் ஒரு பட்டை பெல்ட் வாங்கினேன். விலா எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை இறுக்கிக் கட்டுகிற வகை. அதைக் கட்டிக்கொண்டு, அதற்கு மேலே வயிற்றையும் எக்கிக்கொண்டால், கண்ணாடியில் நான் பழைய மீடியம்தான். மூச்சை மட்டும் மேலே நெஞ்சிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய ஆர்டர் வந்தது. ஆஸ்பத்திரிகளில் துப்புரவு செய்யும் பெண்களுக்கான கால்சட்டை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவர்கள். சாம்பிள் தயாராகி நான் ஸ்டூலில் ஏறினேன். மேடம் கதவருகில் நின்று பார்த்தார். மாஸ்டர் டேப்பைச் சுற்றினார். அவர் கை ஒரு நொடி நின்றது. பெல்ட்டின் விளிம்பில் டேப் இடறியது எனக்கே தெரிந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஊசி குத்தத் தொடங்கினார்.

"உக்காரு."

நாற்காலியின் நுனியில், முதுகை விறைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்தேன். பட்டி வயிற்றில் கம்பி மாதிரி பதிந்தது.

"கடிக்குதா?"

"இல்ல மாஸ்டர்."

"குனி."

குனிந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது.

"கடிக்குதா?"

"இல்ல."

மேடம் திருப்தியாகப் போனார். மாஸ்டர் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கோடு எதுவும் போடவில்லை. மூலையில் நின்ற பொம்மையை நான் ஒரு பார்வை பார்த்தேன். ஜெயித்துவிட்ட எண்ணம் எனக்கு.

அந்த வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சில் இருந்து அவளையும் தூக்கிக்கொண்டு எழுந்தபோது, எதிர் அறை வாசலில் நின்ற ஒரு அம்மா, "ஏம்மா, இங்க வா" என்றார். ஒல்லியான உடம்பு, குட்டை முடி. கதவில் பிசியோதெரபி என்று எழுதியிருந்தது. "எந்திரிக்கும்போது மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பியா?"

"எல்லாரும் அப்படித்தானே எந்திரிப்பாங்க?"

"குழந்தையை நர்ஸ்கிட்ட குடு. வந்து படு."

பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். பெல்ட் பதிந்த தடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். முழங்காலை மடக்கிப் படுத்தேன். "தலையை மட்டும் லேசா தூக்கு." தூக்கினேன். மேடு எழுந்தது. அவர் அதற்கு நடுவில் விரல்களை வைத்தார். என் வயிற்றுக்குள் அந்த விரல்கள் இறங்கின. அங்கே தடுப்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

"மூணு விரல் போகுது" என்றார்.

"கிழிஞ்சு போச்சா?"

"கிழியல. ரெண்டு பக்கமும் மேலேருந்து கீழ வரைக்கும் தசை இருக்கு. நடுவுல ஒரு பட்டை ரெண்டையும் சேத்துப் புடிச்சிருக்கும். குழந்தை வளர வளர அந்தப் பட்டை இழுபட்டு அகலமாயிடும். எல்லாருக்கும் கொஞ்சம் ஆகும். பல பேருக்குத் தானா சேந்துடும், சில பேருக்கு லேட்டாகும்."

எனக்கு அது உடனே புரிந்தது. போட்டுப் போட்டு இழுபட்ட பனியனின் கழுத்து. நூல் அறுந்திருக்காது, ஆனால் பிடிப்பு போயிருக்கும்.

"எங்க வீட்ல இதைக் குழந்தையோட கால்னு நெனச்சோம்" என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நெறைய வீட்ல அப்படித்தான் ஏதாவது ஒண்ணு நெனைக்கறாங்க" என்றார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. என் கணவர் கால் பிடிக்கிற பயிற்சியைச் சொன்னேன். "இப்போதைக்கு வேண்டாம். மேடு எழற மாதிரி எதையும் செய்யாத. அது நடுப்பட்டையை இன்னும் தள்ளும்" என்றார். நாள் முழுக்க பெல்ட் கட்டுவதைச் சொன்னேன். "இவ்வளவு இறுக்கிக் கட்டினா அழுத்தம் எங்க போகும்? கீழதான் போகும். தும்மினா கசியுதா?"

பேருந்தில் பெரியவருக்குச் சுடச்சுடப் பதில் சொன்ன எனக்கு இதற்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கத்தில் கண் நிறைந்தது. அவர் என் தோளில் கை வைத்து, அழுது முடிக்கும்வரை எடுக்காமல் இருந்தார்.

அப்புறம் சொல்லிக் கொடுத்தார். எழும்போது நேராக எழக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். குழந்தையைத் தூக்கும்போதும் அப்படித்தான். மூச்சை விடும்போது அடிவயிறு தானாக மெல்ல உள்ளே சேரும், அதை அப்படியே மூச்சோடு சேர்த்துப் பழக்க வேண்டும்.

"முழுசா மூடிடுமா?"

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. கொஞ்சம் இடைவெளி அப்படியே நின்னாலும் நிக்கலாம். ஆனா பலம் வந்துடும். பலம் வந்தா போதும்." பிறகு கண்டிப்பான குரலில், "முக்கியமா நாள் முழுக்க வயித்த எக்காத" என்றார்.

"எக்கலைன்னா எனக்கு வேலை இல்ல."

"எக்கினா உனக்கு வயிறே இல்ல."

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தும்மல் உட்பட. அவர் அன்று என் பாதங்களைப் பிடிக்கவில்லை. "நான் பாட்டுக்கு இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு சொல்லிட்டே இருந்தேனே" என்றார். அவரைத் தேற்றுவது என் வயிற்றைத் தேற்றுவதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. ஆனால் மறுநாள் காலை எல்லாரையும் ஏமாற்றிவிட்டு மறுபடி பெல்ட்டைக் கட்டினேன். வீட்டில் மூச்சு விட்டேன், வேலையில் பிடித்தேன். இரண்டு படகில் கால் வைத்தவள் கதிதான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மொத்தத் துணியையும் வெட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு அளவிலும் சில உருப்படிகள் தைத்து, தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கே கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டே அவர்கள் வேலை செய்ய வேண்டும். போட்டு உழைக்கும் நாள் என்று பெயர். அன்றைக்குப் பொதுவாகக் கேலியும் கும்மாளமுமாக இருக்கும். இந்த முறை காலை டீ வருவதற்குள்ளேயே தளத்தில் முனகல் கேட்டது. ஓவர்லாக் மெஷினில் இருந்த பெண் எழுந்து நின்றே தைத்தாள். ஜேப் தைக்கிற அக்கா கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தார். அவர் கால்சட்டையின் பொத்தான் தெறித்துப்போய் சூப்பர்வைசரின் டீயில் விழுந்தது.

"நிக்கலாம், நடக்கலாம், சாமி சிலை மாதிரி போஸ் குடுக்கலாம். உக்கார மட்டும் முடியாது" என்றார் அந்த அக்கா. "எந்த மகராசி இதைப் போட்டுப் பாத்து சரின்னு சொன்னா?"

மகராசி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மேடம் என்னையும் மாஸ்டரையும் ஃபிட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். ஆனால் திட்டு எனக்கு விழவில்லை. டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. பொம்மையைச் சுற்றிப் பார்த்தார். அதுவும் சரி. அப்படியென்றால் தப்பு வெட்டினவர் மேல்தானே.

"மாஸ்டர், உங்களுக்குக் கண்ணு சரியில்லையா, கை சரியில்லையா?" என்றார். "எத்தனை வருஷமா வெட்டறீங்க. உக்கார்றதுக்கு எவ்வளவு விடணும்னு தெரியாதா? துணி மொத்தமும் வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பேசாம வேற ஆளை வெச்சுக்கலாமான்னு இருக்கு."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "இருக்கலாம் மேடம். வயசாகுதில்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். டேப் எங்கே இடறியது என்று அவருக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். வேலை போனால் போகட்டும், பெட்டி தூக்கினால் தூக்குகிறேன் என்று தோன்றியது.

திரைக்குப் பின்னால் போய்ப் பெல்ட்டை அவிழ்த்தேன். சாம்பிளைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நுனியில் இல்லை, முழுதாக, வீட்டில் உட்காருகிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கடிக்குது மாஸ்டர்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கே கடிச்சுது. நான் சொல்லல. மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தேன். மாஸ்டர் மேல தப்பே இல்ல மேடம். நான் மூச்சு விடாம நின்ன உடம்புக்கு அவர் சரியாத்தான் வெட்டியிருக்கார். மூச்சு விடற பொம்பளைங்களுக்குத்தான் அது பத்தல."

பெல்ட்டை மேஜை மேல் வைத்தேன். பிசியோ சொன்னதை, இடைவெளியை, விரல்களை, எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் கால் என்று நினைத்ததைச் சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தொலைத்தது.

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, "டேப்பு தட்டினப்பவே தெரிஞ்சுதும்மா" என்றார். "உள்ள என்னத்தக் கட்டியிருக்கேன்னு ஒரு பொம்பளப் புள்ளகிட்ட எப்படிக் கேக்கறது? பேசாம இருக்கறதுதான் மரியாதைன்னு விட்டுட்டேன். எங்க கடிக்குதுன்னு நீ எனக்குச் சொல்லணும், அதை நம்பி நான் வெட்டணும். இதுதானே நம்ம ரெண்டு பேர் வேலையும்."

"நான்தான் சொல்லியிருக்கணும் மாஸ்டர்" என்றேன்.

"சரி, எந்திரி" என்றார்.

நான் நாற்காலியின் கையை ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து ஸ்டூலில் ஏறினேன். அவர் ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டார். டேப்பைச் சுற்றி, இழுக்காமல், விரலில் தொங்கவிட்டுப் பிடித்தார்.

"மூச்சை விடும்மா" என்றார் ஊசிகளுக்கு இடையே.

விட்டேன். மாதக்கணக்கில் நெஞ்சிலேயே வைத்திருந்ததெல்லாம் வெளியே போயிற்று. வயிறு டேப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. யாரும் செத்துப்போகவில்லை. அவர் பட்டியைப் பிரித்து, பின்பக்கம் எலாஸ்டிக்குக்கு இடம் விட்டு, முன்பக்கம் மடிப்பைத் தளர்த்தி, சாக்கட்டியால் கோடு போட்டார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் "கடிக்குதா" என்றார். நான் கடித்த இடத்தையெல்லாம் சொன்னேன். நெடுநாள் கழித்து என் வேலையை நான் பார்த்தேன்.

முடித்ததும் மாஸ்டர் மூலைக்குப் போனார். பஞ்சுத் தகடு கொஞ்சம் மடித்துப் பொம்மையின் வயிற்றில் வைத்து, துணியால் சுற்றி ஊசி குத்தினார். தலையில்லாத என் சக்களத்திக்கு ஐந்து நிமிடத்தில் வயிறு வந்துவிட்டது. "இவளும் மாறட்டும்" என்றார். அவளைப் பார்க்க எனக்கு முதன்முறையாகப் பாவமாக இருந்தது.

எனக்கு வேலை இருக்கிறதா போயிற்றா என்று மேடம் முகத்தில் தெரியவில்லை. "மாஸ்டர், நீங்க போய் இதைத் தெச்சுக் கொண்டாங்க" என்றார். அவர் போனதும் கதவைத் தாழிட்டார்.

போச்சு என்று நினைத்தேன்.

"படுக்க வெச்சுத்தானே பாத்தாங்கன்னு சொன்ன?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

கட்டிங் மேஜையில் இருந்த துணியை ஒரு பக்கமாகத் தள்ளினார். கோட்டைக் கழற்றினார். அவரை நான் கோட்டு இல்லாமல் பார்த்ததே இல்லை. கோட்டுக்கு உள்ளே என்னுடையதைப் போலவே ஒரு பெல்ட் இருந்தது. பழையது. கொக்கிகள் தேய்ந்து, ஓரம் கிழிந்து, வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. அதை அவிழ்த்து வைத்துவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தார்.

"அவங்க எப்படிப் பாத்தாங்களோ அப்படிப் பாரு."

"நான் டாக்டர் இல்லையே மேடம்."

"தெரியும். பாரு."

"முழங்காலை மடக்குங்க" என்றேன். "தலையை மட்டும் லேசா தூக்குங்க."

தூக்கினார். தொப்புளுக்கு மேலே நீளவாக்கில் மேடு எழுந்தது. எனக்கு அது பழகிய முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. விரல்களை வைத்தேன். இறங்கின.

"எவ்வளவு?"

"எனக்கு இருக்கற மாதிரிதான் மேடம். கொஞ்சம் கூட."

அவர் தலையைக் கீழே வைத்தார். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பையன் காலேஜ் போறான்" என்றார். "இத்தனை வருஷமா நான் இதைக் கொழுப்புன்னு நெனச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்கறேன்."

எத்தனை மதியங்கள் அந்தப் பால் இல்லாத டீயைப் பார்த்து நாங்கள் சிரித்திருப்போம். அவர் கண்ணோரத்திலிருந்து நீர் காதை நோக்கி ஓடியது. துடைக்கவில்லை. நானும் பிசியோ அம்மா மாதிரி அவர் தோளில் கையை வைத்தேன். முதலாளியைத் தொடலாமா என்று அப்போது தோன்றவே இல்லை.

"இப்பப் போனாலும் ஏதாவது செய்வாங்களா?" என்றார்.

"வயசுக் கணக்கு எதுவும் அவங்க சொல்லல மேடம். பலம் வந்தா போதும்னாங்க. நான் போறப்ப நீங்களும் வாங்க. ஒண்ணாப் போவோம்."

அவர் எழப் பார்த்தார், நேராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இல்ல மேடம். பக்கவாட்டுல திரும்புங்க. கையை ஊனுங்க. மூச்சை விட்டுட்டே எந்திரிங்க."

திரும்பினார். ஊன்றினார். விட்டார். எழுந்து உட்கார்ந்தார்.

வெளியே சாப்பாட்டு மணி அடித்தது. அவர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெல்ட்டைக் கையில் எடுத்து, மடித்து, மேஜை மேல் கிடந்த என் பெல்ட்டின் பக்கத்தில் வைத்தார்.

"நாளைலேருந்து நிக்கறதுக்கு பொம்மை. உக்கார்றதுக்கும் குனியறதுக்கும் நீ" என்றார். "ஸ்டூல் உன்னோடதுதான்."

என் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். "பாதி எடுத்துக்குங்க மேடம்."

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, பாதிக்கு மேலேயே சாப்பிட்டார்.